நூறு நாற்காலி, முந்நூற்றுப் பத்து டிக்கெட்

விசில்காரரைத் தெரியாதவர் எங்கள் பக்கம் கிடையாது. முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில்தான் செருகிக்கொள்வார்.

அந்த மனுஷர் போன வருஷம் திடீரென்று வீடு வீடாக ஏறி டிக்கெட் விற்க ஆரம்பித்தார். கடைசி ஸ்டாப்பில் இருக்கிற பள்ளிக்கூடத்து நாடகத்துக்காம். அங்கே படிப்பது எல்லாம் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நாடக டீச்சருக்குச் சம்பளம் கொடுக்கப் பள்ளியில் வழியில்லை, பணம் சேராவிட்டால் அடுத்த மாதத்தோடு அந்த வகுப்பை மூடிவிடுவார்கள் என்றார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்தப் பள்ளியில் அவருக்குப் பிள்ளையும் இல்லை, பேரனும் இல்லை. பின்னே எதற்கு வெயிலில் அலைகிறார்? கேட்டேன். தான் வேலையில் இருந்தபோது அந்தப் பிள்ளைகள் தன் பஸ்ஸில்தான் வந்துபோவார்கள், ஒருநாள் பின்சீட்டில் ஒரு பெண் தன்னை மாதிரியே பேசி நடித்துக் காட்ட, தனக்கே தன்மேல் கோபம் வந்துவிட்டது என்றார். கதை நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததால் சந்தேகம் இன்னும் கூடியது.

நான் கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவன். எல்லார் வீட்டுச் சமையலறைக்குள்ளும் போவேன். ஒரு வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் அவர் விற்ற டிக்கெட் ஒட்டியிருந்தது, நம்பர் நூற்றிருபது. அடுத்த தெருவில் இருநூற்று நாற்பது. கடைசியாக என் தலையில் ஒன்றைக் கட்டினார், முந்நூற்றுப் பத்து. அந்தப் பள்ளி ஹாலில் எத்தனை நாற்காலி என்று எனக்குத் தெரியும். அங்கே சத்துணவு அடுப்புக்குப் பர்னர் அடைப்பு எடுக்கப் போனபோது எண்ணியிருக்கிறேன். சரியாக நூறு.

அந்த வாரம்தான் எனக்குப் பேத்தி பிறந்தாள். அடுப்பைத் தொடுவதற்கு முன்பே போனில் அவள் போட்டோவை நீட்டிவிடுவேன். மூக்கு அப்படியே என்னை உரித்து வைத்த மாதிரி இருக்கிறது என்று சொன்ன வீட்டில் கூலியைக்கூடக் குறைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் விசில்காரர் விஷயத்தையும் போகிற வீட்டிலெல்லாம் சேர்த்துச் சொன்னேன். எல்லாரும் வாருங்கள், ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றேன்.

நாடகத்தன்று வந்துவிட்டார்கள். டிக்கெட்டை வாங்கிப் போட்டுவிட்டு மறந்திருக்க வேண்டியவர்கள்கூட வந்து ஹால் வாசலில் நின்றார்கள். டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை பேரும் பணத்தைத் திருப்பிக் கேட்டால் வகுப்பு அன்றோடு சரி.

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "நூறு சேருக்கு முந்நூத்திப் பத்து டிக்கெட் வித்திருக்கீங்களே அண்ணே, இது என்ன நியாயம்?"

அவர் முழித்தார். நடிப்பா என்று உற்றுப் பார்த்தேன். நிஜமாகவே புரியாத முழி.

"பஸ்ல சீட்டை எண்ணியா தம்பி டிக்கெட் குடுக்கிறோம்? ஏறினவங்க எல்லாருக்கும்தானே குடுக்கிறோம்," என்றார். "நிக்க முடியாதுங்கிறவங்க பணத்த இப்பவே வாங்கிக்குங்க."

யாரும் அசையவில்லை. கொளுத்திப் போட்டவன் என்ன செய்கிறான் என்று எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அப்போது மேடைத் திரைக்குப் பின்னாலிருந்து விசில்காரர் குரல் கேட்டது.

"உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுலதான் அவ்வளவு இடம் கெடக்கே, வாசல்ல நின்னு என்ன பண்றீங்க?"

அவரோ என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றார். திரை விலகி, ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அவள்தான். கதை நிஜம்தான் போலிருக்கிறது. கூட்டம் சிரித்தது. நான் முதல் ஆளாக உள்ளே போனேன், பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். இன்னொரு கால்மேல் வேறு யாரோ நின்றார்கள்.

பணத்தை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. இந்த வருஷமும் அதே டீச்சர்தான் நாடகம் சொல்லித்தருகிறார்.

அன்று நாடகம் முடிந்து வெளியே வந்ததும் விசில்காரரிடம் மனசு விட்டு மன்னிப்புக் கேட்டு, பேத்தி போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு உங்க மாதிரி இல்லையே தம்பி," என்றார். 

அந்த ஆளை இன்னமும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை.