அம்மா பார்க்க விடாத எரிமலை

அம்மாவின் தம்பியான என் மாமா, சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தார். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒருமுறை துறைமுகத்தில் இறங்கியதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தமானுக்குக் கிழக்கே பாரன் தீவு எரிமலை புகைவதைக் கப்பலிலிருந்து படம் எடுத்திருந்தார். அதைச் செல்போனில் காட்டினார். நடுக்கடலில் கறுப்பாய் ஒரு மலை, உச்சியில் வெள்ளைப் புகை.

“நெருப்பு எங்க மாமா?”

“எல்லா வெடிப்புக்கும் நெருப்புக் குழம்பு வெளிய வரணும்னு இல்லளா. சில எரிமலையில பாறைக்கடியில தண்ணி மாட்டிக்கிடும். கீழ சூடு, மேல அடைப்பு. ஆவிக்குப் போக வழி இருக்காது. அடைப்பு தாங்குத வரைக்கும் ஒண்ணும் தெரியாது. விட்டுச்சுன்னா, தண்ணி பூரா ஒரே நேரத்துல ஆவியாகி கல்லையும் மண்ணையும் தூக்கி எறிஞ்சிரும்.”

அந்த மாதம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மற்றவர்கள் சோடா மாவில் வினிகரை ஊற்றிச் சிவப்பு நுரை பொங்கவிடத் தயாரானார்கள். என் எரிமலை ஆவியில்தான் வெடிக்கும் என்று நான் அறிவித்தேன். டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதுமாயிருந்தது எனக்கு.

லீவு நாளில் அம்மா உப்பளத்துக்குப் போனதும் பால்மாவு டப்பாவில் தண்ணீரும் மணலும் நிரப்பி, மூடி அடுப்பில் வைத்தேன். ஆவி ஓரமாகக் கசிந்து போய்விட்டது. மூடியைச் சுற்றிக் கோதுமை மாவை அப்பினேன். அது வெந்து உதிர்ந்தது. நான் விடவில்லை. களிமண்ணைக் குழைத்துப் பூசி, மூடியின் மேல் அம்மிக் குழவியையும் ஏற்றினேன்.

இம்முறை கசிவே இல்லை. சத்தமும் இல்லை. அடுப்பு அணைந்துவிட்டதோ என்று குனிந்தேன்.

“ஏளா! என்னத்தளா அடுப்புல வச்சிருக்க?”

உப்பளத்திலிருந்து திரும்பிய அம்மாவின் குரல் வாசலில் கேட்டது. அடுத்த கணம் என் சடையைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள். டமார் என்றது. நான் எழுந்து பார்க்கையில் அடுக்களை முழுக்கச் சுடுமணல். குழவி மூலையில் கிடந்தது. என் முகம் இருந்த இடத்தில் அம்மாவின் கை இருந்திருக்கிறது. முழங்கை வரை சிவந்து கொப்பளித்துக்கொண்டிருந்தது.

நான் ஓவென்று அழுதேன். வெடித்ததே, அதைக் கண்ணால் பார்க்கவில்லையே என்ற அழுகை.

அம்மா அடிக்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். மறுநாள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள்.

கண்காட்சியில் படம் வரைந்து விளக்க மட்டும்தான் அனுமதி கிடைத்தது. அம்மா அரைநாள் லீவு போட்டு வந்து கூட்டத்தோடு நின்றாள். எல்லாம் கேட்டுவிட்டு நடுவர், “நீயே செஞ்சு பாத்தியாம்மா?” என்றார்.

“செஞ்சேன் சார். நல்லா வெடிச்சுது. எங்கம்மாதான் பாக்க விடல.”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் முந்தானையைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

நான் அவளை முறைத்தேன்.