கழிப்பறைக்கு இரண்டு திறப்பு விழா

நான் திருத்தணி நகராட்சியில் கவுன்சிலராக ஜெயித்தபோது ஒட்டிய நன்றி போஸ்டரில், என் வீட்டுக்காரர் படம் என் படத்தைவிடப் பெரிதாக இருந்தது. இனி வாயைத் திறந்து பேசிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பதவிக்கு அது ரொம்பவே உதவியது.

என் வார்டில், மலைப்படி தொடங்கும் இடத்தில் பூக்காரப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் மூத்த அக்கா, மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் பாட்டிலைத் திறந்து நாக்கை நனைத்துவிட்டு மூடிவிடுவார். ஏன் என்று கேட்டேன்.

"குடிச்சா போவணும். எங்கங்க போறது? காலையில எங்கூரு கே.ஜி.கண்டிகையில பஸ் ஏறனா, சாயங்காலம் வூட்டுக்குப் போயித்தான். இப்டியே அடக்கிகினு இருந்தா கிட்னி போயிடும்னு டாக்டரு திட்றாரு."

மன்றக் கூட்டத்தில் 'மகளிர் சுகாதார வளாகம்' என்று இரண்டு முறை மனு வைத்தேன். அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு உங்கள் வார்டில் ஓட்டே இல்லையே என்று சிரித்தார்கள். மூன்றாம் முறை எழுந்து, "பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் வேணும்ங்க, கக்கூஸ்!" என்று கத்தினேன். மன்றமே தலையைக் குனிந்துகொண்டது. நான் அந்த வார்த்தையை மறுபடி சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில்தான் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்பே கட்டி முடித்துவிட்டோம். குழாய் வேலை செய்த பாய் கைவசம் இருந்த வேறு வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்தார். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான்தான். திறப்பு விழாவுக்குப் பூக்காரப் பெண்கள் சந்தோஷத்தில் ஆளுக்கு ஒரு மாலை கொண்டுவந்தார்கள். வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், கும்பம், பூசணிக்காய். பெயர்ப்பலகையே மாலைகளில் மறைந்துபோனது. நகராட்சித் தலைவர் ரிப்பன் வெட்டினார், போட்டோ எடுத்தோம், டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆந்திராவிலிருந்து காவடியோடு வந்த ஒரு கூட்டம் தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது. இது எந்தச் சாமி கோயிலம்மா என்று பெரியவர் ஒருவர் தெலுங்கில் பக்தியோடு கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர்தான் எங்களைவிட அதிகமாகச் சிரித்தார்.

"எவ்ளோ எடத்துல கொழா போட்டுக்கீறேன். தேங்கா ஒடச்சது இங்கதாங்க!" என்றார் பாய்.

என் சிரிப்பு அன்றோடு போயிற்று. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. அக்காவின் பாட்டில் அப்படியே நிறைந்திருந்தது.

"கற்பூரம் ஏத்தன எடம்மா. எப்டி உள்ள போறது? பாவம் இல்ல?"

மாலைகளை நானே அவிழ்த்தேன். வாழைமரத்தைப் பிடுங்கினேன். படியைத் தேய்த்துக் கழுவினேன். அப்போதும் யாரும் அசையவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஏங்கா, உங்க வூட்டுக்குக் கிரகப்பிரவேசம் பண்ணீங்களே, ஓமம் வளத்தீங்களே. அன்னியிலருந்து அந்த வூட்டு பாத்ரூமுக்கு யாருமே போவலியா?"

அக்கா குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்தச் சூடு ஆறுவதற்குள், "நான் போறேன் மொதல்ல" என்று எல்லோரும் பார்க்க உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே வந்தபோது கைதட்டினார்கள். ஜெயித்த அன்றுகூட எனக்கு அப்படிக் கைதட்டல் விழவில்லை.

அக்கா எழுந்து பூக்கூடையை என் பக்கம் தள்ளினார். "பாத்துக்கோ கவுன்சிலரம்மா, தோ வந்துட்றேன்."

அவர் வருவதற்குள் மூன்று முழம் விற்றேன். முழங்கையை எங்கே வைத்து அளப்பது என்று தெரியாமல் எல்லோருக்கும் அதிகமாகவே கொடுத்தேன். திரும்பி வந்த அக்கா அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தார். உச்சி வெயில். அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தவர், பாட்டில் காலியான பிறகுதான் கையை இறக்கினார்.