மெஷின் அக்காவின் நாற்பத்தைந்து யூனிட்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் மெஷின் அக்காதான். பன்னிரண்டு வருடம் காலால் மிதித்துத் தைத்தாள். முழங்கால் இரண்டும் கைவிரித்த பிறகு, போன வருடம்தான் தையல் மெஷினுக்கு மோட்டார் பொருத்தினாள். அவளுடைய கீழ்வீட்டுக்கு வாடகையிலேயே கரண்டும் அடக்கம். அதனால் அந்த மோட்டார், மாடியிலிருந்த வீட்டுக்காரரின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

"இந்த மாசம் உன் மீட்டர்ல தொண்ணூத்தெட்டு யூனிட்! ஒத்தை ஆளுக்கு இவ்வளவா? சாக்கெல்லாம் வேணாம்மா. மோட்டாரைக் கழட்டு. இல்ல, முதல் தேதிக்குள்ள வேற வீடு பாத்துக்க."

"கழட்டிட்டு எதால மிதிக்கறது அண்ணே, உங்க காலாலயா?"

அவர் முறைத்துவிட்டுப் படியேறினார்.

துணி வெட்டும் காகிதத்தில் அவள் கணக்குப் போட்டாள். தையல் மெஷின் நூறு வாட். தினம் ஆறு மணி நேரம், இருபத்தைந்து நாள். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆக, பதினைந்து யூனிட். மின்விசிறி பதினெட்டு, விளக்குகள் ஆறு, இஸ்திரிப் பெட்டி பன்னிரண்டு. என்ன இழுத்துப் பிடித்தும் ஐம்பத்தொன்றுதான். மிச்ச நாற்பத்தேழை யார் தின்றார்கள்?

மறுநாள் காலையில் வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு மீட்டர் எதிரே உட்கார்ந்தாள். 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று மீட்டரிலேயே எழுதியிருந்தது. எல்லாம் அணைந்திருந்தும் சிவப்பு விளக்கு சிமிட்டியது, நிமிடத்துக்கு நாற்பது தரம். சுவருக்குப் பின்னால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. பம்ப் நின்றது, சிமிட்டலும் நின்றது.

மணிக்கு முக்கால் யூனிட். பம்ப் உறுமுவது தினம் இரண்டு மணி நேரம். மாதம் நாற்பத்தைந்து!

அடுத்த நாள் காலை, தொட்டி வறண்டு, பம்ப் ஓடினால்தான் மாடியில் குழாய் சொட்டும் நேரம். பம்ப் உறுமத் தொடங்கியதும் கொஞ்சம் பொறுத்து, தன் வீட்டு மெயினைக் கீழே இழுத்தாள். உறுமல் அடங்கியது.

"என்னங்க, தண்ணி நின்னுபோச்சு!" என்று மாடியில் வீட்டுக்காரர் மனைவியின் குரல் கேட்டது.

இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "என்ன பண்ணினே?"

"என் வீட்டு மெயினை அணைச்சேன். உங்க பம்ப் ஏன் அண்ணே நிக்குது?"

அவர் மீட்டரைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார். "அந்த எலக்ட்ரீஷியன் பய... எந்த ஒயர்ல குடுத்துத் தொலைச்சானோ."

"நாப்பத்தஞ்சு யூனிட் உங்க குளியலுக்கு. மிச்சம் ரெண்டு, என் போன் சார்ஜர் தின்னிருக்கும், ஒத்துக்கறேன்."

"சரி சரி, கண்ணு எரியுது. மெயினைப் போடும்மா!"

அவள் சுவிட்சில் கை வைத்தாள், தூக்கவில்லை. "என் மெஷின் மோட்டாரோட ஓடுமா, ஓடாதா? அதைச் சொல்லுங்க முதல்ல."

நுரை புருவத்தைத் தாண்டி இறங்கியது.

"ஓட்டித் தொலை!"

"வீடு?"

"யாரு காலி பண்ணச் சொன்னது? இங்கயே இரு!"

அவள் மெயினை மேலே தள்ளினாள். "ஒயரை உங்க மீட்டருக்கு மாத்திடுங்க அண்ணே. அடுத்த மாசமும் உக்காந்து எண்ணுவேன்."