மரச்சீனிச் சாக்கில் ராஜா காசு

காலை ஒன்பது மணிக்குக் களியக்காவிளையில் கேரள அரசு பஸ் ஏறினேன். நெய்யாற்றின்கரைக்குச் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். மார்த்தாண்டத்துக்காரனான நான் இந்த வழியில் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பலமுறை போயிருக்கிறேன். வெள்ளி வாங்கப் போனது இதுதான் முதல்முறை. காரணம் என் வாய்.

மகளின் முதல் குழந்தைக்கு இரண்டு நாளில் இருபத்தெட்டாம் நாள் சடங்கு. இடுப்பில் கட்டும் அரைஞாண் எங்கள் பங்கு. வெள்ளி விற்கிற விலையைப் பற்றிச் சம்பந்தி வருத்தப்பட்டபோது, "சும்மா வெள்ளி எதுக்கு? திருவிதாங்கூர் ராஜா காசு கோத்துக் கெட்டுவேன்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை அந்தக் காசை நான் கண்ணால் கண்டதில்லை. மார்த்தாண்டம் கடைகளில் விசாரித்ததில், அதன் விலையையும் காதால் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மீட்கப்படாத வெள்ளிச் சாமான்கள் நெய்யாற்றின்கரையில் ஓர் அடகுக் கடையில் கிடப்பதாக ஒரு நண்பர் சொன்னார்.

கடை ஒரு தையற்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே, ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்தில் இருந்தது. கடைக்காரர் இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். திருவிதாங்கூர் அரை ரூபாய்க் காசுகள் ஆறு, எல்லாவற்றின் தலையிலும் சிறு வளையம் ஒட்டியிருந்தது.

"நோட்டீஸ் விட்டும் ஆளு வரேல. வளையம் ஒட்டினதுனால காசு சேக்குறவன் எடுக்கமாட்டான். உருக்குறவன் ஒட்டுன ஈயத்த எடையில கழிப்பான். சாருக்கு எதுக்காக்கும்?"

"பேரனுக்கு. இருபத்தெட்டு."

என் தலையை ஒருமுறை பார்த்தார். "தாத்தாவுக்கு முடி நல்ல கறுப்பா இருக்கே."

சாயம் என்று சொல்லத் தோன்றவில்லை. அவரே இரக்கப்பட்டார். "குட்டிக்குன்னா எனக்க முதலும் வட்டியும் வந்தா போதும். காசு ஒண்ணுக்கு அறுநூறு."

மார்த்தாண்டத்தில் கேட்டதில் இது பாதிகூட இல்லை. மூவாயிரத்து அறுநூறை எண்ணி வைத்தேன். பில் போட்டால் மூன்று சதவீத வரி சேரும் என்றார். பில் வேண்டாம் என்றேன். மிச்சம் நூற்றெட்டு ரூபாய். படி இறங்கும்போதே, பில் இல்லாமல் எல்லை தாண்ட வேண்டுமே என்று பயம் பிடித்துக்கொண்டது.

எல்லையோரத்தில் வளர்ந்தவனுக்குத்தான் இந்த நோய் புரியும். இடுப்பைச் சுற்றி அரிசி கட்டிக்கொண்டு பஸ்ஸில் போன பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து பள்ளி விடுமுறைகளைக் கழித்தவன் நான். அமரவிளை செக்போஸ்ட்டில் இருக்கைக்கு அடியில் கம்பி விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். பையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் எனக்கு வியர்க்கும். அந்த வரிச் சாவடியை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன என்பது என் மூளைக்குத் தெரியும். வியர்வைக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

சந்தையில் கிலோ நாற்பது ரூபாய்க்கு மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, மூன்று கிலோ வாங்கினேன். பழைய அரிசிச் சாக்கை வெட்டித் தைத்த பையில் போட்டுத் தந்தார்கள். ஒரு மூலைக்குப் போய்க் காசுகளைக் கைக்குட்டையில் முடிந்து கிழங்குக்கு நடுவே செருகினேன். வெளிநாட்டு உளவாளிகூட இத்தனை தடவை திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் மரியதாஸ் என்பவர் இருந்தார். காரோட்டில் குருசடிக்குப் பின்னால் வீடு, கடல் தொழில், படகு எஞ்சினுக்கு பிளக் வாங்க வந்ததாகச் சொன்னார். நான் களியக்காவிளை வரை என்றேன். அவர் காலடியிலும் அதே கடைச் சாக்கு. அமரவிளையில் சாலையோரம் காக்கி பேண்ட் போட்ட ஒருவர் நின்றிருந்தார். நான் கண்ணை மூடி, மூச்சையும் கொஞ்சம் நிறுத்திவைத்தேன்.

"அண்ணனுக்குத் தலை சுத்துதா? இந்தா, சன்னல் பக்கம் இரியும்" என்று மரியதாஸ் எழுந்து இடம் தந்தார். காக்கி பேண்ட்காரர் பழம்பொரி தின்றுகொண்டிருந்த இன்னொரு பஸ்ஸின் டிரைவர். நாங்கள் இடம் மாறினோம், சாக்குகள் மாறவில்லை. பாறசாலையில் மரியதாஸ் தன் காலடியில் இருந்த சாக்கைத் தூக்கிக்கொண்டு, "உடம்ப பாத்துக்கிடும்" என்று சொல்லி இறங்கிப் போனார்.

களியக்காவிளையில் இறங்கி, சாக்குக்குள் கைவிட்டேன். கிழங்கு. மறுபடி கிழங்கு. பிறகு செய்தித்தாளில் சுற்றிய ஒரு பிளக்.

அடுத்த சில நிமிடங்களைப் பற்றி மதிப்பாக எழுத ஒன்றுமில்லை. கிழங்கை எல்லாம் பஸ் நிலையத்துத் தரையில் கொட்டினேன். எண்ணிப் பார்த்தால் காசு வந்துவிடும் என்பதுபோல எண்ணினேன். மனைவி கூப்பிட்டுவிடுவாளோ என்று போனை அணைத்தேன். ஆட்டோவில் ஏறி, "காரோடு, குருசடி" என்றேன்.

"எந்தக் குருசடி? அங்க நாலஞ்சு உண்டு" என்றார் டிரைவர். வாடகை இருநூற்றைம்பது. வரியில் மிச்சம் பிடித்த நூற்றெட்டை நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு சிலுவைக் கூண்டின் முன்னும் நிறுத்தி மரியதாஸைக் கேட்டோம். மரியதாஸ்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. பிளக் வாங்கப் போன மரியதாஸ் என்று கேட்டபிறகே ஒரு கை வழி காட்டியது.

வீட்டு முற்றத்தில் அவர் மனைவி ஜசிந்தாவும் பக்கத்து வீட்டு அக்காவும் மரச்சீனித் தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். என்னையும் சாக்கையும் பார்த்தார்கள்.

"அவரு உம்மத் தேடி பைக்குல களியக்காவிளைக்குப் போயாச்சு" என்றார் ஜசிந்தா. ஆனால் எழுந்திருக்கவில்லை. "உமக்க சாக்குல என்ன உண்டு?"

"மரச்சீனி."

"அது இங்க எல்லாருக்க சாக்குலயும் உண்டு."

"வெள்ளிக் காசு. கைக்குட்டையில முடிஞ்சது."

"வெள்ளிய ஆராவது மரச்சீனிக்குள்ள வைப்பாவளா? எதுக்கு வச்சீரு?"

இதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை என்று இருந்தேன். வேறு வழியில்லை. "செக்போஸ்ட்டுக்குப் பயந்து."

"எந்த செக்போஸ்ட்?"

"அமரவிளை."

பக்கத்து வீட்டு அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "அது பூட்டி எத்தன வருசமாச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சிட்டுமா?"

"தெரிஞ்சிட்டும்."

இருவரும் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த காக்கை பறந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எடுத்துக் குடுத்திரு ஜசிந்தா. கள்ளன்னா இதவிட நல்ல பொய்யா ஒண்ணு சொல்லியிருப்பான். இது இவருக்க காசுதான்."

அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஜசிந்தா முடிச்சை எடுத்துத் தந்தார். கைக்குட்டையின் மண்ணை அலசி, காயவைத்து, திரும்ப முடிந்திருந்தார். ஆறு காசும் இருந்தன. இரண்டு தடவை நன்றி சொன்னேன். இத்தனைக்கும் காரணமான அதே வாயால்.

கொஞ்ச நேரத்தில் மரியதாஸ் வெயிலில் கறுத்து வந்து இறங்கினார். களியக்காவிளை பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி, முடிச்சாயம் போட்ட ஆளைக் கண்டீர்களா என்று கேட்டிருக்கிறார். பிளக் இல்லாவிட்டால் விடியற்காலை அவர் படகு கரையில்தான் கிடக்கும். ஆனால் என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "உமக்க காசு கிட்டிச்சா அண்ணே?"

பிறகுதான் பிளக்கை வாங்கிப் பார்த்தார். செக்போஸ்ட் கதையை அவருக்கு இன்னொருமுறை சொல்லவேண்டி வந்தது. சாளை மீன் குழம்பு ஊற்றி மரச்சீனி தின்றோம். புறப்படும்போது ஒரு காசை ஜசிந்தாவிடம் நீட்டினேன்.

"எங்களுக்கு எதுக்கு? குட்டிக்குக் கெட்டும். வெரசா போவும், அடுத்த செக்போஸ்ட் வந்திரும்."

மரியதாஸின் பைக்கில் பாறசாலைக்குப் போகும் வழியில் என் வீட்டை நினைத்துப் பார்த்தேன். இப்படி ஒரு முடிச்சு எங்கள் கிழங்குக்குள் கிடந்திருந்தால் முதலில் எடை போட்டிருப்போம். அடுத்து, கடவுளே தந்ததா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்திருக்கும். தொலைத்தவனைத் தேட யாரையாவது அனுப்பும் யோசனை மூன்றாம் நாள் வந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இருபத்தெட்டு அன்று ஆறு காசும் பேரனின் இடுப்பில் கிலுங்கின. சம்பந்தி வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்க கிட்டிச்சு?" என்று கேட்டார். அடகுக் கடையையும் அது விட்டுக்கொடுத்த விலையையும் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன்.

"காரோட்டுல ஒரு வீட்டுல தந்தாவ" என்றுதான் சொல்ல வந்தது.