கந்தோரிலிருந்து வந்தவர்

ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைப் பக்கம் போவதை நான் விட்டிருந்தேன். கப்பல் வந்துவிட்டால் இறங்குதுறையைச் சுற்றி வெள்ளைக்காரப் பிரயாணிகள்தாம். இரத்தினக்கல் விற்பவர்களும் ரிக்‌ஷாக்காரரும் அவர்களை மொய்த்து நிற்பார்கள். நான் பார்க்க விரும்பியது ஆட்கள் குடியிருக்கும் கொழும்பை. வெள்ளவத்தையில் ரயிலேறி மருதானையில் இறங்கி, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் கால்போன போக்கில் நடப்பேன். அதற்கும் கந்தோருக்கு உத்தியோகம் பார்க்கப் போகும் உடுப்புத்தான்: வெள்ளைக் கோட்டு, கறுப்புக் கழுத்துப்பட்டி, தொப்பி. வேறு விதமாக வெளியே போய் எனக்குப் பழக்கமில்லை.

அன்று ஒரு முடக்கில் வெள்ளைத்துணி கட்டிய வீடொன்று தெரிந்தது. செத்தவீடு. கடந்து போயிருக்கலாம். ஆனால் அந்த வாசலின் மேல் ஒல்லாந்தர் காலத்து மரவேலைப்பாடு ஒன்று இருந்தது. அதைப் பார்க்கத்தான் நின்றேன். நின்றுவிட்டோமே என்று மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினேன்.

உடனே நான் உட்காரக் கதிரை வந்தது. கந்தோரால் ஒரு ஐயா வந்திருக்கிறார் என்று யாரோ உள்ளே போய்ச் சொன்னார்கள். நான் மறுப்பதற்குள் இறந்தவரின் மனைவி என் முன்னால் வந்து நின்றார். அழவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்திலேயே சொல்லிக்கொண்டு போனார். துறைமுகக் கிடங்கில் துணிச் சிப்பங்கள் காணாமற்போனதும் பொறுப்பிலிருந்த கணவரை வேலையால் நிறுத்தினார்களாம். விசாரணை முடியுமுன் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. நேற்றிலிருந்து கந்தோர் ஆள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கள்ளனின் பெட்டிக்குத் தோள்கொடுக்க மாட்டேன் என்று கணவரின் தமையனார் ஒழுங்கை முனையில், தண்ணிக் குழாயடியில் நிற்கிறார்.

"ஐயா, இத்தனை சனத்துக்கு முன்னால ஒரு சொல் சொல்லுங்கோ. இவர் எடுத்தவரோ?"

இறந்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் வழியால் போனவன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாசலைப் பார்க்க நின்றவன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"இல்லை அம்மா. அவரில பிழை இல்லை."

கந்தோரில் மனுக்காரருக்குப் பதில் சொல்லும் அதே குரலில் அது வந்தது. ஒருவரும் சந்தேகப்படவில்லை.

அந்த அம்மா ஒழுங்கைப் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களே பெரியத்தான், கந்தோர் சொல்லுது. இனியெண்டாலும் வந்து தூக்குங்கோ."

தமையனார் வந்தார். பெட்டியிடம் போகாமல் நேரே என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, மாதா அறிய எடுக்கேல்லை எண்டு சத்தியம் பண்ணினவன். நான்தான் நம்பேல்லை. சாகக் கிடக்கேக்கையும் போய்ப் பார்க்கேல்லை."

நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. இறந்தவர் அந்தச் சிப்பங்களை எடுத்தாரா இல்லையா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு விதவையின் தலையை நிமிர்த்திவிட்டேன் என்று அந்த நிமிடம் வரை எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. தமையனார் என் கைகளைப் பிடித்த பிடியில் அது போய்விட்டது.

பெட்டிக்கு நேர் பின்னால், உறவினருக்கும் முன்னால் என்னை நடக்கவிட்டார்கள். அடக்கம் செய்யும் சேமக்காலை தூரம், வெயில் கடுமை. மற்றவர்கள் முறைவைத்துத் தோள் மாற்றினார்கள். தமையனார் மட்டும் விடவில்லை. அவருடைய முதுகு முழுக்க நனைந்து, கால்கள் தடுமாறத் தொடங்கின.

பக்கத்தில் வந்தவர் என் காதோடு சொன்னார்: "நீங்கள் சொன்னாக் கேட்பார் ஐயா. மாத்தச் சொல்லுங்கோ."

கந்தோரின் பேரில் இன்னொரு சொல் சொல்லத் துணியாமல், அந்த நனைந்த முதுகின் பின்னாலேயே நடந்தேன்.