வீட்டைச் சுற்றி வந்த மாமா

ஊரடங்கு வந்த வருடம், அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சென்னையிலிருந்து ஒரு லேப்டாப்போடு தங்கச்சிமடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆபீசை மூடிவிட்டார்களாம், இனி வீட்டிலிருந்தே வேலையாம். என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு, "வீடியோ பாக்குற வேலைக்கா" என்றார். தெருவில் இது பெரிய பேச்சாயிற்று. கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்த ஆண்கள், படம் பார்க்கச் சம்பளம் தருகிற அந்தக் கம்பெனியில் இன்னும் ஆள் எடுப்பார்களா என்று அப்பாவிடம் வந்து விசாரித்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஏழு. ஒரு மனிதர் நாள் முழுக்க வீடியோ பார்க்கிறார், எங்களைக் கூப்பிடமாட்டேன் என்கிறார் என்பது மட்டும்தான் எங்கள் வருத்தம்.

வலைகள் கிடந்த பின்னறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். சன்னலில் அவரே செய்தித்தாள் ஒட்டினார். திரையை வேறு யாரும் பார்க்கக்கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பு. ஒருநாள் டீ கொண்டுபோனபோது கதவு ஒருக்களித்திருந்தது. மாமா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த சவரக் கண்ணாடியில் முகம் மட்டும் தெரிந்தது. திரை வெளிச்சம் அந்த முகத்தில் சிவப்பாக விழுந்தது, பிறகு நீலமாக, பிறகு வெள்ளையாக. வெளிச்சம் மாறும் ஒவ்வொரு தடவையும் அதற்குச் சற்று முன்னால் அவருடைய ஆள்காட்டி விரல் எதையோ ஓரமாகத் தள்ளியது. சிரிப்பில்லை, பயமில்லை. தூங்குகிறவரின் இமையை யாரோ திறந்துவைத்தது மாதிரி இருந்தது.

"அங்கனயே வச்சிட்டுப் போ பாப்பா. உள்ள வராத" என்றார், திரும்பாமலே.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு வேலை முடிந்துவிட்டது என்பது மனசுக்கு உறைக்காது, அதனால் ஏதாவது ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனியிலிருந்து போனில் யோசனை சொன்னார்களாம். மாமா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். காலையில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பின்னறைக்குள் போவார். ஆறு மணிக்குக் கொல்லைக் கதவு வழியாக வெளியேறி, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, வாசலில் வந்து நிற்பார்.

"வேலை முடிஞ்சு வந்துட்டேன்க்கா."

"பஸ்ஸுல கூட்டமாடா?" என்று அம்மா சொம்பில் தண்ணீர் கொடுப்பாள். என்ன வாங்கி வந்தீர்கள் என்று தம்பி காலைக் கட்டிக்கொள்வான். காலையிலேயே சட்டைப்பையில் எடுத்து வைத்த பிஸ்கட் பொட்டலம் வெளியே வரும். அந்த நாட்களில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நாடகம் அதுதான்.

இரண்டு மாதத்தில் ஒரு சுற்று இரண்டாயிற்று. பிறகு ஐந்து, ஆறு. வாசற்படியில் ஒரு காலை வைப்பார், பின்னால் திரும்பிப் பார்ப்பார், காலை எடுத்துக்கொண்டு மறுபடி நடப்பார். உள்ளே வாடா என்று அம்மா கூப்பிட்டால், "நான் இன்னும் வந்து சேரலக்கா" என்பார். கடைசியில் நுழையும்போது கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உடம்பை ஒடுக்கி உள்ளே வந்து, சட்டென்று தாழ் போடுவார். தெருநாய் கூடவே வந்தால் அப்படித்தான் சாத்துவோம். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே எதுவும் இல்லை.

சாப்பிடும்போதும் அவருடைய இடதுகை விரல் தொடைமேல் அசைந்தது. குழம்பைப் பார்ப்பார், விரல் தள்ளும். அப்பாவைப் பார்ப்பார், தள்ளும். ஒருநாள் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன். விரல் என்னையும் தள்ளியது.

இன்னொரு நாள் தம்பி பூவரசு மர ஊஞ்சலில் கயிற்றை முறுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். பின்னறையிலிருந்து வந்த மாமா அரிவாளால் கயிற்றை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் தம்பியும் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அம்மா மட்டும் அப்பாவிடம், "யாரோ பின்னாலயே வாற மாதிரில்ல திரும்பித் திரும்பிப் பாக்குறான்" என்றாள். கோயிலிலிருந்து தீர்த்தம் வாங்கிவந்து பின்னறை வாசலில் தெளித்தாள். மாமா கைகட்டி நின்று தலையைக் குனித்துக் கொடுத்தார்.

பிறகு அவருடைய சுற்று வீட்டை விட்டு அகன்று கடற்கரை வரைக்கும் நீண்டது.

எங்கள் பக்கத்துக் கடலில் அலை கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குப்புறப் படுத்து மிதப்பது எங்கள் விளையாட்டு. ஒருவர் பிணம் மாதிரிக் கிடக்க, மற்றவர் எண்ண வேண்டும். தம்பியால் இருபத்தைந்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. அன்று மாலை நான் கரையோரம் நின்று சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தாறில் அவன் கால் இரண்டு தடவை தண்ணீரை அடித்தது. ஏமாற்றப் பார்க்கிறான் என்று நினைத்தேன். பிறகு அசையாமல் கிடந்தான். முப்பது என்றபோது மாமா முழுக்கைச் சட்டையோடு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

தம்பியைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். தொடைமேல் விரல் ஒருமுறை ஓரமாகத் தள்ளியது. முகத்தைத் திருப்பி, நங்கூரமிட்டிருந்த படகைப் பார்த்தார். விரல் தள்ளியது. மணலில் நின்ற நாயைப் பார்த்தார். தள்ளியது. நாய் அங்கேயே நின்றது. மறுபடி தள்ளினார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவரையே பார்த்தது. அவர் முகம் கோணியது. மெல்ல, மிக மெல்ல, தம்பி கிடந்த பக்கம் திரும்பினார்.

நான் நாற்பத்திரண்டு என்றபோது மாமா தண்ணீருக்குள் இருந்தார்.

அறுந்துபோன பழைய வலை ஒன்று நங்கூரக் கயிற்றில் மாட்டி அடியில் கிடந்திருக்கிறது. அது தம்பியின் கையைச் சுற்றிக்கொண்டு, தலையைத் தூக்க விடாமல் கீழே பிடித்திருக்கிறது. மாமா வலையைப் பல்லால் கடித்து அறுத்தார். தோளில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடியபோது தம்பியின் உதடு நீலமாக இருந்தது. பாதி வழியில் அவன் தண்ணீரைக் கக்கினான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

வீடு வந்த காலையில் தம்பி ரொட்டியைப் பாலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். மாமா என்னருகே வந்து குந்தினார்.

"நான் கரைக்கு வந்தப்ப எத்தன எண்ணியிருந்த பாப்பா?"

"முப்பது."

"தண்ணியில எறங்குனப்ப?"

தம்பி தின்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். இவ்வளவு பாடுபட்டிருக்கிறான், பாவம், விளையாட்டில் அவன் கணக்குப் பெரிய எண்ணாகவே இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது.

"அம்பது" என்றேன்.

"சரியா எண்ணுனியா?"

"சரியாத்தான் மாமா."

தம்பி வாய்நிறைய ரொட்டியோடு சிரித்தான். மாமா இடதுகை விரலை வலதுகைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டார். அந்த வாரமே லேப்டாப்பைக் கட்டிக் கூரியரில் திருப்பி அனுப்பினார். இப்போது பரமக்குடியில் ஒரு மின்மோட்டார் ரிப்பேர் கடையில் இருக்கிறார். கடையைப் பூட்டியதும் நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறார் என்று அவரைக் கட்டிக்கொண்ட அத்தை சொல்வார்.

போன வருடம் என்னைக் கல்லூரியில் சேர்க்க ரயிலில் கூட வந்தபோதுதான் அந்த வேலையைப் பற்றிச் சொன்னார். யாராவது தப்பென்று புகார் செய்த வீடியோக்கள் மட்டுமே அவருக்கு வருமாம். அடி, விபத்து, தூக்குக் கயிறு, தண்ணீரில் குழந்தைகள். சில நொடிகள் பார்த்து, வைப்பதா எடுப்பதா என்று முடிவுசெய்து தள்ளிவிட வேண்டும். அடுத்தது வந்துவிடும்.

"அதுல உள்ள ஆரையும் போயித் தூக்க முடியாது பாப்பா. கை பழகிப்போச்சு" என்றார். சன்னல் பக்கம் திரும்பி, "நம்ம புள்ளையவும் பாத்துக்கிட்டு நின்னேன்ல, இருபது எண்ணுற வரைக்கும்" என்றார்.

"பன்னெண்டுதான் மாமா. நான் அன்னைக்குக் கூட்டிச் சொல்லிட்டேன்."

அவர் என் தலையைத் தடவினார். நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கூட்டிச் சொன்ன அந்த எட்டும் தம்பிக்குப் போய்ச் சேரும் என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன்.