பூசைக்கு வந்த துவக்கு

கனடாவில், எங்கள் ஸ்காபரோ வீட்டில் அம்மா பெயர் சொல்லிக் குறிப்பிடாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாமாவின் துவக்கை, அந்தப் பழைய துப்பாக்கியை, அவர் ‘உது’ என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் பேஸ்மென்டில் இருந்துகொண்டு கூரை வேலைக்குப் போய்வந்தார். கோழி உரிப்பதைக்கூட நின்று பார்க்கமாட்டார். அப்படிப்பட்டவர் ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக்குக் கூரை மாற்றப் போன இடத்தில், சுவரில் பூட்டிக்கிடந்த ஒரு பழைய பம்ப் துவக்கிடம் மனதைக் கொடுத்துவிட்டு வந்தார். பண்ணைக்காரக் கிழவர் அபார்ட்மென்டுக்கு மாறப்போகிறார். அவருடைய பிள்ளைகளுக்கு அது வேண்டாமாம். மாமா வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து அதை வாங்கினார். ஆங்கிலத்தில் அவர் எழுதிப் பாஸான ஒரே சோதனை அதுதான். எங்கள் வீட்டில் அதுவரைக்கும் ஒருவரும் படித்து முடித்ததில்லை. மாமா ஏழாம் வகுப்பு. அம்மா பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஞாயிறு மத்தியானங்களில் மாமா இரும்புப் பெட்டியைத் திறந்து, கட்டிலில் பழைய பெட்சீற்றை விரித்து, அதை எடுத்து வைப்பார். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில் இருந்தன. கோயிலில் திரை விலகும்போது எப்படி நிற்பேனோ அப்படி நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

அது என் அப்பாவைவிட வயதில் மூத்தது. தோளில் ஊன்றும் சோங்கு வால்நட் மரம். தேத்தண்ணியில் பாலை விட்டதும், கரண்டி போடுமுன் சுழன்று நிற்குமே, அந்தச் சுழிகள் அப்படியே மரத்துக்குள் உறைந்து கிடந்தன. குழாய்க்குக் கீழே வளையம் வளையமாக வெட்டிய மரப்பிடி. அதைப் பின்னுக்கு இழுத்தால் வெறும் தோட்டா வெளியே விழும், முன்னுக்குத் தள்ளினால் புதியது உள்ளே போகும். இரும்பெல்லாம் கருநீலம். கிழவர் கையில் தூக்கித் திரிந்த இடத்தில் மட்டும் நீலம் தேய்ந்து வெள்ளி தெரிந்தது. அதை மினுக்கினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

“உது ஊத்தை இல்லையடா,” என்றார் மாமா. “அந்தாளின்ரை கை.”

எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் அதன் சத்தம். வெறும் துவக்குத்தான் என்று இரண்டு தரம் பார்த்து உறுதி செய்துகொண்டு, மாமா மரப்பிடியை ஒருமுறை இழுத்துத் தள்ளுவார். சளக்-சளக். ஒரே சொல்லின் இரண்டு அசைகள். இத்தனை வருஷமாகியும் எங்கும் இடறவில்லை. போன வருஷம் போட்ட எங்கள் பேஸ்மென்ட் கதவோ திறக்கும்போதெல்லாம் அழுதது.

அந்தச் சத்தம் ஹீற்றர் குழாய் வழியாக மேலே குசினிக்கும் போகும். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும் கத்திச் சத்தம் உடனே நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பத் தொடங்கும். கோபத்தில் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

கோடை முடிகிற நேரம் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். “நவராத்திரிக்குக் கும்பம் வைக்கமுதல் உது வெளியாலை போகவேணும்.”

“அக்கா, அதாலை ஒரு காகம்கூடச் சாகேல்லை. சுடுற கிளப்பிலை மெசின் வானத்துக்கு எறியிற களிமண் தட்டைத்தான் சுடுறனான்.”

“தட்டு உடைக்கிறதுக்கு அவ்வளவு தூரம் ஏன் போறாய்? குசினிக்கு வா. நீ கழுவினாலே உடையும்.”

அப்பா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. கொழும்பில் லொட்ஜ், பிறகு மொன்றியலில் யாருடையதோ சோபா என்று அலைந்து வந்தவருக்கு, தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதல் சாமான் அது. நாளைக் கடத்திப் பார்த்தார். கும்பமும் வைத்தாயிற்று. அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தியபிறகு, கிளப்பில் ஒருவருக்கு அதைக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டார். அந்த மனிதர் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. ஞாயிறு சரஸ்வதி பூசை.

அன்றைக்கு வீட்டுக்குச் சோறு போடுகிற சாமான் எல்லாம் ஹோலில் சாமிப்படத்துக்கு முன்னால் வந்து பொட்டு வாங்கவேண்டும். அப்பாவின் கார்த் திறப்பு, அம்மாவின் தையல் மெசின், மாமா கூரைக்கு ஆணி அடிக்கிற கன், என் கணக்குப் புத்தகம். புத்தகத்தை வைத்துவிட்டு நான் சரஸ்வதியிடம் கேட்டது படிப்பை அல்ல.

அப்போது மாமா படியேறி வந்தார். கைகளில், குளிப்பாட்டிய குழந்தையைப்போல, துவாயில் அது.

“அக்கா, நாளைக்கு அந்தாள் கொண்டுபோயிடும். ஆயுத பூசையெண்டு சொல்லிக்கொண்டு வீட்டிலை கிடக்கிற ஒரேயொரு ஆயுதத்தைக் கீழை விட்டிட்டு வாறது சரியே? ஒரு பொட்டு வைச்சு அனுப்புறன்.”

“கதை நியாயமாத்தான் கிடக்கு,” என்றார் அப்பா.

“நீங்கள் பேசாமல் இருங்கோ.”

வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை. மாமா அதைத் தையல் மெசினுக்குப் பக்கத்தில் கிடத்தினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். சந்தனத்தைத் தண்ணீர் ஒழுகக் குழைத்து, கருநீல இரும்பின் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். தண்ணீர் வழிந்து இடுக்கை நோக்கி இறங்கியது.

“டேய்! இரும்பிலை ஈரத்தை வைக்கிறியே, விசரா!”

அம்மா வந்த வேகத்தில் காலடியில் குங்குமச் சிமிழ் உருண்டது. துவக்கை எடுத்தார். அதன் வாய் எங்கள் எல்லோரையும் விலகிச் சுவர்ப்பக்கம் திரும்பியது. பிடியை இழுத்துத் திறந்தார். சின்னவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். இதெல்லாம் நடக்கும்போது அவர் கண் துவக்கில் இல்லை. என் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது. சேலைத் தலைப்பால் ஈரத்தை ஒற்றி எடுத்தார். விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் துணியை நனைத்து, பிழிந்து, இரும்பு முழுக்க மெல்லிசாகத் தடவினார். பிடியை ஒருமுறை இழுத்துத் தள்ளினார்.

சளக்-சளக்.

மாமாவின் கையில் கேட்ட சத்தம் இல்லை அது. அவர் பல மாதம் பழகியும் வராத ஒன்று, சேலை கட்டிய என் அம்மாவின் கையில் வந்தது. குங்குமத்தை உலர்வாகவே எடுத்து, சோங்கு மரத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்துக் கிடத்தினார்.

“இப்போதைக்கு உந்த எண்ணெய் காணும். பிறகு உன்ரை எண்ணெயைப் போடு. நாளைக்கு ஒருத்தரும் வரவேண்டாம். பூட்டி வை.”

மாமா துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா, இல்லாத ஓர் அவசரத்தோடு, கற்பூரம் தேடினார்.

“அம்மா, உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்?”

“தையல் மெசினுக்கு எண்ணெய் விடுறேல்லையே நான்? தேவாரத்தைப் பாடு.”

பாடினேன், தொண்டை கிழிய. அந்தத் துவக்கின் அழகு கடைசியில் அம்மாவையே விழுத்திவிட்டது என்ற பெருமை எனக்கு. பிறகு வந்த ஞாயிறுகளிலும் கீழே அந்தச் சத்தம் கேட்டதும் மேலே கத்தி நின்றது. இப்போது ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறேன். வீட்டில் நான்தான் முதல் ஆள். ஏன் பள்ளிக்கூடத்தை விட்டீர்கள் என்று சின்ன வயதில் கேட்கும்போதெல்லாம் அம்மா ஒரே மாதிரித்தான் சொல்வார்: “ஊரிலை சண்டை, பிரச்சினை நேரம். விட்டன். பிறகு கனடாவுக்கு வந்தன்.” கனடாவுக்கு வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது என்பதும் எனக்கு அன்றைக்கே தெரியும். அந்தப் பூசையில் என் கணக்குப் புத்தகத்துக்கும் சந்தனப் பொட்டு இருந்தது. கழித்தலில் வகுப்பிலேயே நான்தான் கெட்டிக்காரன். ஆனாலும் இருபத்தாறிலிருந்து பதினைந்தைக் கழித்து, நடுவில் அந்தப் பதினொரு வருஷம் அம்மாவின் கை எதைப் பிடித்திருந்தது என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.